ஒடுங்கிய இடத்துக்கு ஒரு சின்ன ராச்செற்

சகோதரிகளே, தையல் மெசின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் தெரிந்திருக்கும். துணி நகராது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் முடிச்சாகிவிடும். மெசின் பழுதாகிப் போய்விட்டது என்று மனம் சோர்ந்துவிடும். பல வேளைகளில் அதில் பழுது எதுவும் இராது. ஊசித்தட்டுக்குக் கீழே, துணியை நகர்த்தும் பற்களின் இடையில், நூல் தூசி எண்ணெயோடு சேர்ந்து கம்பளி போல இறுகியிருக்கும். தட்டைக் கழற்றித் துடைத்தால் வேலை முடிந்தது.

தட்டைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டே இரண்டு திருகாணிகள். ஒன்று முன்னால் கைக்கு எட்டும். மற்றது ஊசித்தண்டுக்கும் பாதத்தண்டுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். சாதாரண ஸ்குறூ டிறைவரை அந்த இடத்தில் நிமிர்த்த முடியாது, மெசினின் தலை மேலே இடிக்கும். சரித்துப் பிடித்துத் திருகினால் திருகாணியின் வெட்டு வழுக்கித் தேய்ந்துபோகும். அதன்பிறகு உண்மையாகவே மெசின் பழுதுதான்.

அந்த இரண்டாவது திருகாணிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் கிராமம் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்த பின்னர், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்குப் பலரும் தையல் மெசின்கள் தந்தார்கள். தைக்கவும் பழக்கினார்கள். மெசினைக் கழற்றிப் பூட்டப் பழக்கியவர்கள் மிகக் குறைவு. இன்று எத்தனையோ வீடுகளில் அந்த மெசின்கள் பழைய சீலை போர்த்தி மூலையில் நிற்கின்றன. திருத்துபவர் ரவுணிலிருந்து வரவேண்டும். அவருக்கு வசதிப்பட ஒரு கிழமை ஆகும். பாடசாலை தொடங்குவதற்கு முந்திய நாட்களில் ஒரு கிழமை மெசின் நின்றால், சீருடை தைக்கத் துணி தந்தவர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வருமானத்தை நம்பித்தான் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க நினைத்திருப்போம். எங்கள் தையல் குழுவின் மெசின்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் முதலில் தேடி வாங்கிய ஆயுதம் இந்தச் சின்ன ராச்செற்தான்.

ராச்செற் என்றால் என்ன? சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னுக்கு மிதித்தால் சில்லு சுற்றும். பின்னுக்கு மிதித்தால் ‘கிர்ர்’ என்று சத்தம் மட்டும் வரும், சில்லு பின்னோக்கிச் சுற்றாது. உள்ளே ஒரு பற்சக்கரமும் அதில் விழுந்து பிடிக்கும் ஒரு நாக்கும் இருப்பதால்தான் அப்படி. ராச்செற்றின் தலைக்குள்ளும் அதுவே இருக்கிறது. கைபிடியை ஒரு பக்கம் தள்ளினால் திருகாணி திரும்பும். கைபிடியை மீட்டால் திருகாணி அசையாது, சத்தம் மட்டும் கேட்கும். எனவே கருவியை வெளியே எடுக்காமல், கையையும் மாற்றிப் பிடிக்காமல், முன்னும் பின்னுமாக ஆட்டியே திருகாணியைக் கழற்றிவிடலாம். திருகாணியின் தலையில் பொருந்தும் நுனியைத் தனியாக மாற்றலாம். அந்த நுனித் துண்டைத்தான் கடையில் பிட் என்பார்கள். சாதாரண பிட்டின் நீளம் 25 மில்லிமீற்றர், ஓர் அங்குலம் மட்டில். அதன் அடிப்பாகம் ஆறு முகம் கொண்டது, கால் அங்குல அளவு. எந்த நாட்டில் செய்த பிட் என்றாலும் இந்த அளவு பொதுவாக ஒன்றே. இது பெரிய வசதி. பிட் தேய்ந்தால் பிட்டை மட்டும் வாங்கலாம்.

இனிக் கடைக்குப் போகும் கதை. ஹாட்வெயார் கடையில் கேட்டால் முதலில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். “அக்கா, இதில நாப்பது சாமான் இருக்கு, விலையும் குறைவு” என்பார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வியாபாரம். ஆனால் அந்த நாற்பதில் எங்களுக்கு வேண்டியது நாலைந்து மட்டுமே. 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது வெளிநாட்டுச் சாமான்களின் விலை எப்படி ஏறியது என்பதை எல்லோரும் பட்டு அறிந்தோம். பாவிக்காத முப்பத்தைந்து துண்டுக்குக் காசு கொடுக்க எங்களால் முடியாது. பெட்டியை மூடி வைத்துவிட்டு ராச்செற்றை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள்.

வீட்டிலிருந்து புறப்படும் முன்பே ஒரு சின்ன வேலை செய்துகொள்ள வேண்டும். மெசினின் ஊசியையும் பாதத்தையும் கழற்றிவிட்டு, ஊசித்தட்டிலிருந்து மேலே தலையின் அடிப்பாகம் வரை எவ்வளவு இடைவெளி என்று ஓர் ஈர்க்கை நிறுத்தி, அந்த உயரத்துக்கு முறித்து எடுங்கள். என் மெசினில் அது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். முன்பக்கத்துத் திருகாணியைக் கழற்ற முடிந்தால் அதையும் ஒரு துணியில் முடிந்து எடுத்துச் செல்லுங்கள். ஈர்க்கும் திருகாணியும் கையில் இருந்தால் கடையில் யாரும் எங்களை ஏமாற்ற முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். கட்டைக் கைபிடி போட்ட குட்டி ஸ்குறூ டிறைவர்கூடப் பெரும்பாலும் மூன்று அங்குலம் வரும், அதற்கு மேல் எங்கள் கையும் இருக்கிறது. ராச்செற்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தலையிலேயே ஆறுமுகத் துளை இருக்கும். பிட் அந்தத் துளைக்குள் நேரே இறங்கி உட்காரும். தலையும் பிட்டும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலம் அளவில் அடங்கிவிடும். மற்ற வகையில் தலையிலிருந்து ஒரு சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நட்டுக் கழற்றும் சொக்கெற்றுகளுக்காகச் செய்யப்பட்டது அது. அதில் பிட் பூட்ட இடையில் இன்னொரு துண்டு வேண்டும். உயரம் கூடிப்போகும். மோட்டார் சைக்கிள் வேலைக்கு அது நல்லது. ஊசித்தட்டு வேலைக்கு வேண்டாம். பிட்டைப் பூட்டி ஈர்க்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஈர்க்கைவிட நன்றாகக் குட்டையாக இருக்கவேண்டும், ஏனென்றால் தலைக்கு மேலே எங்கள் பெருவிரல் வைத்து அழுத்தவும் இடம் தேவை.

அடுத்தது பல். இதை விற்பவர்களே அதிகம் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் பற்சக்கரத்தில் 24 பல் என்றால், ஒவ்வொரு முறையும் கைபிடியைக் குறைந்தது 15 பாகை திருப்பினால்தான் அடுத்த பல்லில் விழும். 36 பல் என்றால் 10 பாகை. 72 பல் என்றால் 5 பாகை போதும். கணக்கு சுலபம், 360ஐப் பல்லின் எண்ணிக்கையால் பிரிக்கவேண்டும். கைபிடி 100 மில்லிமீற்றர் நீளம் என்று வையுங்கள். 15 பாகைக்கு அதன் நுனி ஓர் அங்குலம் மட்டில் நகரவேண்டும். 5 பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. ஒரு பக்கம் ஊசித்தண்டு, மறுபக்கம் பாதத்தண்டு என்று இரண்டுக்கும் நடுவில் ஆட்டும்போது இந்த வித்தியாசம் பெரிது. பெட்டியில் பல் எண்ணிக்கை எழுதியில்லாவிட்டால், கைபிடியை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றிச் சத்தத்தை எண்ணுங்கள். கால்சுற்றை எண்ணி நாலால் பெருக்கினாலும் சரி. 60க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகும். அதனால் மலிவான இரும்பில் 72 பல் என்று கண்டால் சந்தோசப்பட்டுவிடாதீர்கள். தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனையை நான் தவறாமல் செய்வேன். பிட்டை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு கைபிடியைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். பிட் விரலில் நின்று, சத்தம் கேட்டால் நல்லது. பிட்டும் கூடவே திரும்பினால் அந்த ராச்செற் இறுக்கமானது. திருகாணி இளகி வந்த பிறகு அதைப் பிடித்து நிறுத்த எதிர்விசை இராது. ராச்செற் திருகாணியை முன்னுக்கும் பின்னுக்குமாகச் சும்மா ஆட்டிக்கொண்டிருக்கும், கழற்றாது. சிலவற்றின் தலையில் விரலால் உருட்ட ஒரு சொரசொரப்பான வளையம் இருக்கும். அப்படியானது கிடைத்தால் விடாதீர்கள். இளகிய பிறகு வளையத்தை உருட்டியே திருகாணியை வெளியே எடுத்துவிடலாம்.

பக்கம் மாற்றும் சிறு நெம்பு சிலவற்றில் உண்டு. சிலவற்றில் இல்லை, கருவியைக் கவிழ்த்துப் பிட்டை மறுபக்கத்தால் இடவேண்டும். இரண்டுமே பரவாயில்லை. நெம்பு மிகவும் இலகுவாக அசைந்தால்தான் கரைச்சல். ஒடுங்கிய இடத்தில் எதிலாவது பட்டுத் தானே மாறிவிடும், நாங்கள் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம்.

பிட்டுக்கு வருவோம். உண்மையில் ராச்செற்றைவிட இதில்தான் கவனம் தேவை. தையல் மெசினின் பழைய திருகாணிகள் பெரும்பாலும் தட்டை வெட்டு உடையவை. கடையில் கிடைக்கும் மலிவான தட்டைப் பிட்டின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது வெட்டின் மேல் விளிம்பில் மட்டுமே படும். பலம் கொடுத்தவுடன் மேலே ஏறி வழுக்கும். பிட்டில் 0.8 x 5.5 அல்லது 1.0 x 5.5 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் தடிப்பு, இரண்டாவது அகலம், இரண்டும் மில்லிமீற்றரில். துணியில் முடிந்து கொண்டுபோன திருகாணியை எடுத்து அதன் வெட்டில் பிட்டை வைத்துப் பாருங்கள். வெட்டின் அடிவரை இறங்கவேண்டும், ஆடக்கூடாது, தலைக்கு வெளியே நீட்டவும் கூடாது. நீட்டினால் ஊசித்தட்டைக் கீறும், கீறிய தட்டு துணியின் நூலை இழுக்கும். ஸ்டார் தலைத் திருகாணி என்றால் அனேகமாகப் பிஎச் 2 என்று எழுதிய பிட் பொருந்தும், சிறியதற்குப் பிஎச் 1. யப்பானில் செய்த பழைய மெசின்களின் ஸ்டார் வெட்டு சற்று வேறுபட்டது. சாதாரண பிட் அதில் முழுதாக இறங்காமல் மேலே நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் திருகாணியோடு கடைக்குப் போவது இன்னும் முக்கியம்.

காந்தம் உள்ள பிட் நல்லது. கழன்ற திருகாணி மெசினுக்குள் விழுந்து பொபின் இருக்கும் இடத்தில் சிக்கிவிட்டால் அதை எடுக்கவே அரைநாள் போகும்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் ஷெல் துண்டு பட்ட வலது முன்னங்கை அவருக்கு. மடக்கலாம், நீட்டலாம், மணிக்கட்டைச் சுழற்ற முடியாது. ஸ்குறூ டிறைவர் பிடிப்பது அவருக்கு இயலாத காரியம். தன் மெசினின் திருகாணி ஒன்று இளகினாலும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார், கூப்பிடுவதற்கும் கூச்சப்படுவார். ராச்செற்றுக்கு மணிக்கட்டுச் சுழற்சி தேவையில்லை. கைபிடியைத் தள்ளி இழுத்தால் போதும். இடது பெருவிரலால் தலையை அழுத்திக்கொண்டு வலது கையால் ஆட்டுகிறார். இப்போது அயலில் நாலு வீட்டு மெசின்களுக்கு அவர்தான் தூசி எடுத்துக் கொடுக்கிறார், கையில் ஏதாவது கொடுக்கிறார்கள். கடையில் எந்தப் பெட்டியிலும் இந்தப் பயனை எழுதி நான் கண்டதில்லை. கையில் காயம் உள்ள சகோதரிகள் கொஞ்சம் நீளமான, 100 மில்லிமீற்றருக்குக் குறையாத கைபிடியாகப் பார்த்து எடுங்கள். நீளம் கூடினால் பலம் குறைவாகப் போதும். ஆனால் அதே காரணத்தால் சிறிய திருகாணியின் புரியை அறுத்துவிடவும் முடியும், எனவே நீளக் கைபிடியால் இறுக்கும்போது இரண்டு விரல் பலம் போதும்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மின்சார மெசின் என்றால் முதலில் வயரைக் கழற்றுங்கள். கால்மெசின் என்றால் வாரைச் சில்லிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊசியை மேலே தூக்கி வைத்துக் கழற்றுங்கள், பாதத்தையும் கழற்றுங்கள். திருகாணி இறுகியிருந்தால் ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பிறகு பிட்டை வெட்டில் நேராக நிறுத்தி, ராச்செற்றின் தலையைப் பெருவிரலால் கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி கைபிடியைத் தள்ள வேண்டும். அழுத்தும் விரல்தான் வெட்டைக் காப்பாற்றுகிறது. இளகாவிட்டால் கைபிடியில் குழாய் மாட்டி நீட்டுவதோ சுத்தியலால் தட்டுவதோ வேண்டாம், உள்ளே இருக்கும் சிறு பற்கள் உடைந்துவிடும். இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

தட்டு வந்தவுடன் பழைய பல் தூரிகையால் தூசியை வெளியே இழுத்து எடுங்கள். வாயால் ஊதாதீர்கள். தூசி இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரம் துருவைக் கொண்டுவரும். திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகாணிகளையும் முதலில் விரலால் புரியில் ஏற்றி, பின்னர் ராச்செற்றால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஊசியைப் பூட்டி, மெசினை ஓட்டாமல் சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஊசி தட்டின் துளைக்கு நடுவே இறங்கி ஏறினால் பாதத்தைப் பூட்டி, வாரையோ வயரையோ கொழுவி, ஒரு வெட்டுத்துண்டில் தைத்துப் பாருங்கள்.