புற்றுக் காளானும் அதனை ஒத்த நச்சுக் காளானும்

மழை பெய்து நிலம் ஊறியதும் வரம்போரங்களிலும் தோட்டங்களிலும் காளான்கள் முளைக்கின்றன. இவற்றுள் கறையான் புற்றை அடுத்துத் தோன்றும் புற்றுக் காளான் சுவைமிக்க உணவாகும். ஆயின் அதே காலத்தில் அதனை ஒத்த நச்சுக் காளானொன்றும் முளைக்கின்றது. தோற்றத்தை மட்டும் கண்டு இதனை உண்போர் கடும் நோய்க்கு ஆளாவர். ஆதலால் கமக்காரர்கள் பின்வரும் வேறுபாடுகளை அறிந்திருத்தல் அவசியமாகும்.

புற்றுக் காளான் (தெர்மிட்டோமைசீசு): இது கறையான்கள் தம் கூட்டினுள் வளர்க்கும் பூஞ்சணத்திலிருந்து எழுவது. பெரிய இனங்களில் தண்டு வேர்போல் நீண்டு நிலத்தின் கீழுள்ள கூடு வரை செல்லும். குடையின் நடுவில் கடினமான கூர்முனை உண்டு. மண்ணைத் துளைத்து மேலெழ உதவுவது இதுவே. குடையின் அடியிலுள்ள தகடுகள் முதலில் வெண்மையாயிருந்து, பின் இளஞ்சிவப்புச் சாயல் பெறும்.

நச்சுக் காளான் (குளோரோபில்லம்): இது புல்வெளிகளில் முளைக்கும். வெண்குடையின்மேல் கபில நிறச் செதில்கள் காணப்படும். தண்டில் நகர்த்தத்தக்க வளையம் உண்டு. வேர்போன்ற நீட்சி இல்லை. தகடுகள் முதிர்ந்தபின் பசுமை கலந்த சாம்பல் நிறமடையும். இளமையில் அவையும் வெண்மையாயிருத்தலால், விரியாத மொட்டுக்களைப் பறித்தல் கூடாது.

சோதிக்கும் முறை: காளானை இழுத்துப் பிடுங்காது, அடிவரை தோண்டி எடுங்கள். குடையை வெட்டி, தகடுகள் கீழ்நோக்க வெள்ளைக் கடதாசியில் வைத்துக் கிண்ணத்தால் ஓரிரவு மூடிவிடுங்கள். உதிரும் வித்திகள் பச்சை நிறமாயின் அது நஞ்சு. இளஞ்சிவப்பு நிறம் மட்டும் போதிய சான்றன்று. வேர்போன்ற தண்டும் கூர்முனையும் உடனிருத்தல் வேண்டும். தண்டின் அடியில் கிண்ணம்போன்ற உறையுடைய காளான்களை அறவே விலக்குங்கள். அவற்றுட் சில உயிரைப் போக்குவன.

வெள்ளி நாணயம் கறுத்தல், உள்ளி நிறம் மாறுதல், பூச்சி அரித்திருத்தல் என்பவற்றைக் கொண்டு நஞ்சை அறிய முடியாது. கொதிக்க வைத்தலும் நஞ்சு நீங்குமென்பதற்கு உறுதியன்று.

குளோரோபில்லத்தை உண்டால் பெரும்பாலும் 1 முதல் 3 மணித்தியாலத்துள் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். உயிர்கொல்லும் இனங்களிலோ 6 மணித்தியாலத்தின் பின்னரே குறிகள் தோன்றும். சற்றுக் குணமானது போலிருந்து பின் ஈரல் பழுதுறும். ஆகவே தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எஞ்சிய காளானையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

ஐயமுள்ள காளானை உண்ணாது விடுவதே அறிவுடைமை.