வெளியீட்டுக் குறிப்பு எழுதுவோம்

திறமூல மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது அதனுடன் ஒரு சிறு குறிப்பும் வரும். எது புதிது, எது மாறியது, எது திருத்தப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று அது சொல்லும். அதுவே வெளியீட்டுக் குறிப்பு. கணினித்துறை மாணவர்கள் மட்டுமே இதை எழுத முடியும் என நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று.

பேராக் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, விடியற்காலைப் பெரட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார். கிராணியின் செக்ரோலில் எல்லாருடைய வருகையும் பதிவாகும். ஆனால், பெரட்டில் நிற்பவர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இன்று தமக்கு எந்த நிரை?

மென்பொருளிலும் இவ்விரண்டும் உண்டு. நிரலாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' போன்ற கருவிகள் பதிந்து வைக்கின்றன. அது செக்ரோல். அதை அப்படியே நீட்டினால் பயனருக்கு ஒன்றும் விளங்காது. அவருக்குரியதைப் பொறுக்கியெடுத்துச் சொல்வதே வெளியீட்டுக் குறிப்பு.

ஒரு சான்று காண்போம். 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1இல் 'ஶ' என்னும் எழுத்து சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 'ஸ்', 'ரீ' இரண்டும் இணைந்து 'ஸ்ரீ' உருவானது. அதன்பின் 'ஶ்', 'ரீ' இணைவதே முறையாயிற்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. பழைய பட்டியலில் உள்ள ஸ்ரீதேவியைப் புதிய முறையில் தட்டச்சு செய்து தேடினால், அப்படியொருவர் இல்லையென்று கணினி சொல்லக்கூடும். அது உதவிநிதிப் பட்டியலாக இருந்தால் என்னாவது?

விசைப்பலகை மென்பொருளொன்றில் இம்மாற்றம் செய்யப்படுவதாகக் கொள்வோம். "ஸ்ரீயின் குறியேற்றம் மாற்றப்பட்டது" என்பது நிரலாளருக்குப் போதும். பயனருக்கு இப்படி எழுத வேண்டும்: "இப்பதிப்பிலிருந்து ஸ்ரீ வேறு முறையில் பதிவாகும். பழைய கோப்புகள் கெடமாட்டா. ஆனால், தேடும்போது பழைய பெயர்கள் அகப்படாமல் போகலாம். முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள். பிறகு பழைய ஸ்ரீயைப் புதியதாக மாற்றுங்கள்." நடந்தது, அதன் விளைவு, செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிட்டன.

பதிப்பெண்ணும் பேசும். பல திட்டங்களில் 2.4.1 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவது மாறினால் பிழைத்திருத்தம். இரண்டாவது மாறினால் புதிய வசதி. முதலாவது மாறினால் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம். முதல் எண் மாறும்போதுதான் குறிப்பெழுதுபவருக்குப் பொறுப்பு மிகுதி. எழுதியதை வெளியிடுமுன் தாமே ஒருமுறை செய்து பார்ப்பதும், பங்களித்தோர் பெயர்களைச் சேர்ப்பதும் நல்ல வழக்கம்.

தேசிய இடைநிலைப்பள்ளியில் நான் கணினியைப் படித்தது மலாய் மொழியில். ஆயினும், ஒரு செய்தியைக் குழப்பமின்றி ஒரு வாக்கியத்தில் சொல்லக் கற்றது தமிழ்ப்பள்ளியில்தான். இப்பணிக்கு அதுவே மூலதனம். நண்பர்களே, தமிழ் மென்பொருள்களுக்கு நிரலெழுதுவோர் சிலராவது இருக்கிறார்கள். அவர்கள் செய்ததை நம் பெற்றோருக்கும் விளங்கும்படி தமிழில் எடுத்துச் சொல்ல நாம் முன்வருவோம்.