நத்தார்ப் பலகாரமும் அயல்வீட்டுத் தட்டமும்

நத்தார் என்று நாம் வழங்கும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லாகும். பாண், பிஸ்கோத்து, அவை வேகும் போறணை ஆகியவற்றின் பெயர்களும் அம்மொழியிலிருந்தே நம்மவர் நாவிற் குடியேறின. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிற்று, அடுப்பங்கரை மட்டும் பழைய விருந்தாளியை வழியனுப்ப மறந்துவிட்டது போலும். டிசம்பர் மாத நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ கொழும்புக் கொட்டாஞ்சேனையிலோ மாலைவேளையில் ஓர் ஒழுங்கை வழியே நடந்து செல்வோர்க்கு, வெண்ணெயில் ரவை வறுபடும் மணமே பண்டிகையின் வரவைக் கூறிவிடும்.

மாணாக்கர்க்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. ஒல்லாந்த மொழியில் சிறு பணியாரத்துக்குக் 'கூக்யே' என்று பெயர். அமெரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தரிடமிருந்து அச்சொல் ஆங்கிலத்துட் புகுந்து 'குக்கி' ஆயிற்று. இலங்கைக்கு வந்த ஒல்லாந்தரிடமிருந்து சிங்களத்துட் புகுந்து 'கொக்கிஸ்' ஆயிற்று. ஒரு தாயின் இரு மக்களுள் ஒன்று போறணையில் வேகிறது. மற்றையது எண்ணெயிற் பொரிகிறது. சிங்கள மக்கள் கொக்கிஸைச் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடுவர். தென்னிந்தியக் கிறிஸ்தவர் இல்லங்களிலோ அத்தகைய அச்சுப் பலகாரம் நத்தாருக்கு உரியது. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்த கரைசலில், எண்ணெயிற் சூடேற்றிய அச்சை முக்காற் பங்கு மட்டுமே தோய்த்தல் வேண்டும். விளிம்பின் மேல் மா ஏறிவிட்டால் அது அச்சைக் கவ்விக்கொள்ளும். பின்னர் இரும்பையும் பலகாரத்தையும் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது.

ஆயினும் நம் நாட்டு நத்தார் மேசையின் அரசி 'லவ் கேக்' என்பதே நமது துணிபு. போர்த்துக்கேயர் வழிவந்ததென்று கூறப்படும் இப்பண்டத்தில் நம் மண்ணின் வாசனையே மிகுதி. கறுவா, ஏலம், சாதிக்காய், பன்னீர், தேன், மரமுந்திரிகைப் பருப்பு, இவற்றோடு 'புஹுல் தோசி' எனப்படும் நீற்றுப்பூசணிப் பாகுக்கட்டி. (தோசி என்பதும் இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே, மரமுந்திரிகையை பிரேசிலிலிருந்து கீழ்த்திசைக்குக் கொணர்ந்தவரும் அவர்களே.) ரவை 250 கிராம் என்றால் வெண்ணெய் அதே அளவு, சீனி அதனின் இரு மடங்கு, முட்டை மஞ்சட்கரு பத்துப் பன்னிரண்டு. பருப்பை மாவாக அரைத்துவிடுவோர் உளர், அது தகாது. கத்தியாற் சிறிதாகக் கொத்தினால்தான் பல்லில் அகப்படும்.

வறுத்த ரவை இன்னும் சூடாயிருக்கையிலேயே வெண்ணெயைச் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவிடுவது வழக்கம். பருக்கை பெரிதாகையால் ரவை கொழுப்பையும் ஈரத்தையும் மெதுவாகவே உட்கொள்ளும். அவசரப்படுவோர்க்குக் கிடைப்பது நறநறக்கும் கேக்கே. மஞ்சட்கரு, ஒன்றோடொன்று சேராத நெய்ப்பசையையும் நீரையும் கட்டி வைக்கும் பணியைச் செய்கிறது. பொங்கச் செய்யும் பவுடர் எதுவும் வேண்டியதில்லை. நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைச் சிறிதளவு கலந்தாற் போதும். தட்டத்தின் அடியில் பழைய பத்திரிகைத் தாள்களைப் பல மடிப்பாக விரித்து, மேலே எண்ணெய்த்தாள் இட்டு, மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வேகவிடுவர். சீனி மிகுந்த பண்டம் அடியில் விரைந்து கருகுமாதலால் இந்த ஏற்பாடு. (இவ்வாறு அடுப்பினுட் சென்றும் பயன்படுவது பத்திரிகைக்குப் பெருமையே!) மேற்புறம் பொன்னிறமாய் முறுகியும் உள்ளே ஈரம் காயாமலும் இருப்பதே இதன் பக்குவம்.

பிளம்ஸும் இஞ்சிப் பாகும் பிராந்தியில் ஊறிய நத்தார் கேக்கைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சிறு துண்டுகளாக வெட்டி வண்ணத்தாளிற் சுற்றி வழங்கப்படுவதை அறியாதார் இல்லை. பறங்கியர் இல்லங்களில் நத்தார்க் காலையில் 'புறூடர்' என்னும் இனிப்புப் பாணைப் பாலாடைக் கட்டியுடனும் வாழைப்பழத்துடனும் உண்பர்.

இனி, நம்மைப் போன்ற சைவக் குடும்பத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டிய காரியம் ஒன்றுண்டு. நத்தார் வருவது மார்கழியில். பிள்ளையார் கதை விரதமும் திருவெம்பாவையும் பெரும்பாலும் அதே நாட்களை அடுத்தே வருகின்றன. முட்டை தொடாத வீட்டு வாயிலுக்குப் பன்னிரண்டு முட்டை இட்ட கேக் வந்தால் என் செய்வது? வேண்டாம் என்றால் கொண்டு வந்த குழந்தையின் முகம் வாடும். வாங்கி வேறெவருக்கேனும் கொடுத்துவிட்டு, நன்றாயிருந்தது என்று சொல்வது பொய். நாம் அறிந்த கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் இதற்குப் பழைய தீர்வொன்று உண்டு. சைவ அயலவருக்கென வாழைப்பழச் சீப்பும் பயத்தம் பணியாரமும் தனித் தட்டத்திற் செல்லும். வறுத்த பயற்றம்மாவும் தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் சேர்ந்த அப்பணியாரம் தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொதுவானது. எதனை உண்ணலாம் என்று எதிர்வீட்டாரைக் கேட்காமலே அறிந்து வைத்திருக்கும் அந்த அறிவு, பக்கத்து வீட்டாரின் பெயரையே அறியாத இந்நாளைய தொடர்மாடிகளில் எங்ஙனம் தோன்றும்?

போறணையிற் சுட்டதே வேண்டுமென்போர்க்கு முட்டையில்லாத 'சோட்பிறெட்' இருக்கிறது. ஸ்கொத்லாந்தியர் பண்டமாகிய இதற்கு மா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சீனி ஒரு பங்கு; கணக்கு அவ்வளவே. கோதுமை மாவிற் கொஞ்சம் குறைத்து அரிசிமா சேர்த்தால் மேலும் மொறுமொறுப்பாகும். வெண்ணெய் மாத்துகளை மூடிக்கொள்வதால், பாணை இழுபடச் செய்யும் பசைத்தன்மை இதில் வளர்வதில்லை. ஆகையால் அதிகம் பிசையாது, விரல் நுனியால் உதிர்த்துச் சேர்த்தல் வேண்டும். நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிடலாம். ஆறும்போது தானே இறுகும்.

2021 ஆம் ஆண்டு முடிவில் எரிவாயுவுக்கு நேர்ந்த தட்டுப்பாடும், 2022 இன் பொருளாதார நெருக்கடியும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்த நிலையும் பல வீடுகளில் கேக் அடிப்பதையே நிறுத்திவிட்டன. கடையில் வாங்கிப் பழகிய கை மீண்டும் மாவைத் தொடத் தயங்குகிறது. வீட்டிற் போறணை இல்லையே என்பது காரணமன்று. கனத்த சட்டியில் மணல் பரப்பித் தட்டத்தை உள்ளே வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலிட்டு வேகவைத்தவர்கள் நம் பாட்டிமார். அடித்த கலவையை அயலிலுள்ள பேக்கரிக்குக் கொடுத்தனுப்பி, பாண் இறக்கிய பின் எஞ்சிய சூட்டிற் சுட்டு வாங்கியோரும் உண்டு. பன்னிரண்டு முட்டைக்கு வழியில்லையேல், மேலே கூறிய சோட்பிறெட்டுக்கு 300 கிராம் மா போதும். பிள்ளைகள் அச்சு வெட்டட்டும்.

வந்த தட்டத்தை வெறுந்தட்டமாய்த் திருப்பும் வழக்கம் நம்மிடையே இல்லை. அன்றே கொடுப்பதாயின் கொஞ்சம் சீனியாவது இட்டுக் கொடுப்பர். பொறுத்திருப்போர்க்கு மூன்று வாரங்களில் தைப்பொங்கல் வந்துவிடும்.