பரம்பரை வீக்க நோயின் உயிரியற் காரணங்கள்

ஒருவரது உதடோ கண்ணிமையோ கையோ சில மணி நேரத்துள் வீங்கி, இரண்டு மூன்று நாட்களில் தானாகவே வடிந்துவிடுமாயின், அதனை ஒவ்வாமை என்று கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது பொருந்தும். ஆயின் அரிப்போ தடிப்போ இன்றி, ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இவ்வீக்கம் தோன்றுமிடத்து, காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டியவராகின்றோம். ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு ஏற்படும் இந்நோயின் தோற்றுவாயை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1888இல் வில்லியம் ஒஸ்லர், ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் இந்நோய் தொடர்ந்தமையை விவரித்தார். எனினும் நரம்புக் கோளாறே வீக்கத்துக்குக் காரணம் என்னும் அக்காலக் கருத்து நோயின் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. மன உளைச்சல் வீக்கத்தைத் தூண்டக்கூடும் என்பது உண்மையே. ஆனால் தூண்டுவது வேறு, மூலகாரணமாவது வேறு. இவ்வேறுபாடு உணரப்படாதவிடத்து, உடலின் குறைபாடு நோயாளியின் மனத்தின்மீது சுமத்தப்படுகின்றது.

மூலகாரணத்தை 1963இல் வேர்ஜீனியா டொனல்ட்சன், ரிச்சட் எவன்ஸ் ஆகியோர் வெளிப்படுத்தினர். நோயாளரின் குருதியில் ‘சீ-1 தடுப்பான்’ என்னும் புரதம் குறைந்திருந்தது. இப்புரதம் பல நொதியங்களை அடக்கிவைப்பது. அவற்றுள் கலிக்ரீன் இங்கு முக்கியமானது. அது, கினினோஜன் என்னும் பெரிய புரதத்தை வெட்டி, பிரடிகினின் என்னும் சிறு மூலக்கூறை விடுவிக்கின்றது. பிரடிகினின் நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர்க்கலங்களில் தாக்கம் புரிய, கலங்களிடையே இடைவெளி விரிந்து, திரவம் சூழவுள்ள இழையங்களுட் கசிகின்றது. அதுவே வீக்கம். தடுப்பான் போதாதவிடத்து, சிறு காயமோ பற்பிடுங்கலோ இத்தொடர் தாக்கத்தை எல்லைமீறச் செய்யப் போதுமானது.

இத்தடுப்பானுக்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இரு பிரதிகளுள் ஒன்று விகாரமுற்றாலே நோய் தோன்றலாம். ஆகவே இது ஆட்சியான இயல்பு; நோயுற்ற பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது கடத்தப்படும் வாய்ப்பு 50 சதவீதமாகும். நோயாளருள் ஏறத்தாழ 85 சதவீதத்தினரிடம் புரதத்தின் அளவு குறைவு. ஏனையோருட் பெரும்பாலோரிடம் அளவு குறையாதிருப்பினும் அது செயற்படுவதில்லை.

இங்கு ஒரு வினா எழும். நல்ல பிரதி ஒன்று எஞ்சியிருப்பதால் புரதத்திற் பாதியேனும் இருக்கவேண்டுமன்றோ? உண்மையில் அது பெரும்பாலும் மூன்றிலொரு பங்கிலும் குறைகின்றது. கட்டுப்பாடிழந்த நொதியங்களோடு பிணைந்து தடுப்பான் விரைவிற் செலவாவது ஒரு காரணம். சில விகாரங்களில், பழுதுற்ற புரதம் நல்ல புரதம் கலத்தினின்று வெளியேறுவதையும் தடுக்கின்றது.

தடுப்பான் முறையாக இருந்தும் நோயுறும் சிலரும் உளர். இவர்களுட் சிலரிடம் குருதியுறைதலுக்குரிய பன்னிரண்டாம் காரணியின் பரம்பரையலகு விகாரமுற்றுள்ளமை 2006இல் அறியப்பட்டது. பெண்பால் ஓமோன்கள் இவ்வகையைத் தீவிரப்படுத்துகின்றன.

இவ்வறிவு உயிர்காப்பது. ஒவ்வாமை வீக்கத்தை விளைவிப்பது ஹிஸ்தமின். இதனை விளைவிப்பதோ பிரடிகினின். எனவே ஒவ்வாமைக்குரிய மருந்துகள் இங்கு பயன்தருவதில்லை. குரல்வளை வீங்கினால் மூச்சடைத்து மரணம் நேரலாம். குடற்சுவர் வீங்கினால் குடல்வால் அழற்சியெனக் கருதித் தேவையற்ற சத்திரசிகிச்சையும் நிகழலாம். உயர் குருதியமுக்கத்துக்கான மருந்துகளுள் ஒரு வகை, பிரடிகினின் சிதைவதைத் தடுப்பதால் இந்நோயாளருக்கு ஆகாது.

தடுப்பானையே ஊசிமூலம் வழங்கவும், கலிக்ரீனையும் பிரடிகினினையும் தடுக்கவும் இன்று மருந்துகள் உள. ஆனால் அவற்றின் உயர்ந்த விலை, வறிய நாடுகளின் நோயாளருக்கு அவற்றை எட்டாதனவாக்குகின்றது. நோயின் காரணத்தை விஞ்ஞானம் கண்டறிந்துவிட்டது. அதன் பயனை அனைவருக்கும் உரித்தாக்குவது சமூகத்தின் கடமையாகும். அதுவரை, குடும்ப வரலாற்றைக் கேட்டறிவதும், உரிய குருதிப் பரிசோதனையை நாடுவதும், சாபமென்றும் மனக்கோளாறென்றும் நோயாளியைப் பழியாதிருப்பதும் நம் கையிலேயே உள்ளன.