மல்லுக்கட்டாத வழி

"என்ன சார், ரிட்டயர் ஆனால் எல்லோரும் கீதை, திருவாசகம் என்று உட்காருவார்கள். நீங்கள் சீனாக்காரர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்களே!" என்று நம் சங்கத்து அன்பர்கள் அவ்வப்போது கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்குப் பதிலாகவே இந்தக் கட்டுரை. நான் தத்துவம் கற்ற பண்டிதன் அல்லன். கும்பகோணம் பக்கத்திலிருந்து சிவில் டிப்ளமோவுடன் குவாஹாத்திக்கு வந்து, முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் தண்டவாளத்தையும் பாலக் கரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆகவே, ஓர் எஞ்சினியரின் கண்ணுக்குத் தாவோ எப்படித் தெரிந்தது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

ஓய்வு பெற்ற வருடம் பான்பஜாரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'தாவோ தே சிங்' ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. மிகச் சிறிய நூல். 81 அத்தியாயங்கள்; சீன மூலத்தில் ஏறத்தாழ 5,000 எழுத்துகள்தான். எழுதியவர் லாவோ சே என்பது மரபு. நாட்டின் சீர்கேட்டைக் கண்டு மனம் வெறுத்து மேற்கே புறப்பட்ட அவரை எல்லைக் காவலர் தடுத்து, போதனையை எழுதித் தரும்படி வேண்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும் நூல் பழையது. 1973ல் சாங்ஷா நகரருகே மவாங்துய் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய பிரதிகள் கிடைத்தன. 1993ல் ஹூபெய் மாநிலத்தில் குவோதியன் கல்லறையிலிருந்து மூங்கில் பட்டைகளில் எழுதிய பகுதிகள் கிடைத்தன, அவை கி.மு. 300ஐ ஒட்டியவை என்கிறார்கள்.

'தாவோ' என்றால் வழி. உலகம் இயங்கும் வழி. மனிதன் அதனுடன் இசைந்து நடக்கும் வழி. அந்த நடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வூ வெய்'. நேர்ப்பொருள் 'செய்யாமை'. இதைப் படித்ததும் நம்மவர்களுக்குச் 'சும்மா இருத்தல்' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. மழைக்காலத்தில் இரவு இரண்டு மணிக்குக் கேங்மேன்களுடன் லைனில் நடந்தவனிடம் 'ஒன்றும் செய்யாதே' என்றால் எப்படி? செய்யாதிருந்தால் வண்டி ஓடுமா?

இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்தது சீனாவின் ஓர் அணைக்கட்டு. அணை என்றுகூடச் சொல்லக் கூடாது. அங்கே அணையே கிடையாது! சிச்சுவான் மாநிலத்தில் மின் ஆற்றில் துஜியாங்யான் என்ற பாசனத் திட்டம் இருக்கிறது. கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் தொடங்கி வைத்தது. ஆற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்பாமல், ஆற்றின் நடுவே மீனின் வாய் போன்ற கரை ஒன்றை அமைத்து, நீரை உள்ளாறு, வெளியாறு என இரண்டாகப் பிரித்தார்கள். உள்ளாறு குறுகலானது, ஆழமானது. வெளியாறு அகலமானது, ஆழம் குறைந்தது. எனவே நீர் குறைந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு ஆழமான உள்ளாற்றில் இறங்கி வயலுக்குப் போகும். வெள்ள காலத்தில் அதே ஆறு பங்கு அகலமான வெளியாற்றில் வழிந்து போய்விடும். மதகைத் திறக்க, மூட ஆள் தேவையில்லை. வளைவில் சுழன்று வரும் நீர், மணலையும் உபரி வெள்ளத்தையும் ஒரு தாழ்வான கலிங்கு வழியே தானே வெளியே தள்ளிவிடும். மலையைக் குடைந்து வெட்டிய குறுகிய வாய்க்கால் வாய் ஒன்று, தன் அளவுக்கு மேல் நீரை உள்ளே விடாது. வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறையைத் தீயிட்டுச் சுடவைத்து, நீர் ஊற்றிக் குளிர்வித்துப் பிளந்தார்கள்.

ஆறு தன் குணப்படி ஓடுகிறது, வேலை நடந்துவிடுகிறது. 2008ல் வந்த கடும் நிலநடுக்கத்தில் மீன்வாயில் விரிசல் கண்டும் திட்டம் நின்றுவிடவில்லை. இன்றும் செங்டு சமவெளிக்கு நீர் தருகிறது. அருகிலுள்ள சிங்செங் மலை தாவோ மதத்தின் முக்கியத் தலம். இரண்டையும் சேர்த்தே 2000ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒருவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வருடந்தோறும் நீர் குறைந்த பருவத்தில் உள்ளாற்றைத் தூர் வாரும் வழக்கம் ஏற்படுத்தினார்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதற்கு ஆற்றின் அடியில் இரும்புக் கட்டைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அவை கண்ணில் படும்வரை வார வேண்டும். ஆகவே, வூ வெய் என்பது வேலை செய்யாமை அன்று, மல்லுக்கட்டாமை. உழைப்பு உண்டு, கவனிப்பு உண்டு, பராமரிப்பு உண்டு. எதிர்த்து முட்டுவது மட்டும் இல்லை.

இது புரிந்ததும், இதையேதானே நாமும் செய்துவந்தோம் என்று தோன்றியது. பாலத்துக்கு மேலும் கீழும் ஆற்றை நெறிப்படுத்தும் கைடு பண்ட் கரைகளைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சாப் ஆறுகளில் இதைக் கையாண்ட பெல் என்ற எஞ்சினியரின் பெயரால் 'பெல் பண்ட்' என்றும் சொல்வார்கள். அதன் அடியில் பாறாங்கற்களை ஏப்ரன் என்று தளம்போலப் பரப்பி வைப்போம். ஆறு அடிமண்ணை அரிக்க அரிக்க, அந்தக் கற்கள் தாமே சரிந்து இறங்கி, அரித்த சரிவைப் போர்த்திவிடும். அரிக்கிற ஆற்றைக்கொண்டே கரையைக் காப்பாற்றும் வித்தை! தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவதும் அப்படித்தான். வண்டியின் பாரத்துக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுத்து, அதைப் பரப்பிக் கீழே இறக்குகிறது. நீரை வழியவும் விடுகிறது. நெகிழ்வதுதான் அதன் பலம்.

நாம் வாழும் இந்த ஊருக்கும் தாவோவுக்கும் ஓர் உறவு உண்டு என்றால் பலர் வியப்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் காமரூபத்தை ஆண்ட பாஸ்கரவர்மன், யுவான் சுவாங்கை அழைத்து விருந்தோம்பிய அதே மன்னர், சீனத் தூதரிடம் லாவோ சேயின் உருவப்படத்தையும் அவருடைய நூலின் மொழிபெயர்ப்பையும் கேட்டார். 647ல் தாங் பேரரசர், அதைச் சமஸ்கிருதத்தில் ஆக்கும்படி யுவான் சுவாங்குக்கே ஆணையிட்டார். 'தாவோ'வுக்கு எந்தச் சொல்லை இடுவது என்று பெரிய வாக்குவாதம் எழுந்ததாம். 'போதி' என்று இருக்கட்டும் என்றார்கள் தாவோ அறிஞர்கள். 'மார்க்கம்' என்பதே சரி என்று நின்றார் யுவான் சுவாங். மார்க்கம் என்றால் வழி! அந்தப் பிரதி இன்று கிடைக்கவில்லை. ஆனால் பிரம்மபுத்திராவின் கரையில் அந்நூலைக் கேட்ட முதல் ஆள் நான் அல்லன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

படிப்பு ஒரு பக்கம். பழக்கம் இன்னொரு பக்கம். காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் தாய் சி பயில்கிறேன். 1956ல் சீனாவில் பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்த 24 அசைவுகள் கொண்ட முறை. ஒருமுறை செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம். புத்தகப் படங்களைப் பார்த்தும், பேரன் செல்போனில் காட்டிய வீடியோவைப் பார்த்தும் கற்றேன். முழு எடையையும் ஒரு காலுக்கு மாற்றிய பிறகே மறுகாலை எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. பாரம் இருக்கும் காலை இழுக்காதே, பாரம் நீங்கிய காலை நகர்த்து. முழங்கால் வலியுடன் மாடிப்படி ஏறும் என் போன்றவர்களுக்கு இந்த ஒரு விதியே பெரிய உதவி. (இரத்த அழுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்த வேண்டாம்.)

இவ்வளவும் வாழ்க்கைக்கு எப்படி உதவும் என்று கேட்பீர்கள். நம்மில் ஓய்வு பெறும் ஒவ்வொருவர் வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுண்டு: ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இதே பேச்சு. ஊரில் அண்ணன், "வீட்டை என்னடா செய்யப் போறே? ஒரு முடிவு சொல்லு" என்று போன் செய்தபடி இருந்தார். நான் செலவு, மருத்துவம், உறவு என்று கட்டம் போட்டுக் கணக்கெழுதினேன். கணக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு விடை சொன்னது. ஒருநாள் என் மனைவி, "எனக்கு ரெண்டு ஊரும் வேணும். இதுக்கு ஏன் தேதி குறிச்சு முடிவெடுக்கணும்?" என்றாள்.

அன்றிலிருந்து முடிவைத் தேடுவதை விட்டு, வழியைச் சீர்செய்தோம். ஊர் வீட்டின் ஓட்டை மாற்றி, ஓர் அறையை எங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விட்டோம். இரண்டு வருடம் மார்கழியும் தையும் அங்கே இருந்து பார்த்தோம். கோயிலும் காவிரிக் கரையும் மனசை நிறைத்தன. ஆனால் ஒரு மாதம் ஆனதும் மனைவி, பக்கத்து வீட்டு அசாமியப் பெண்மணியின் பிரசவம் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவாள். "அங்கே என்னைத் தேடறதுக்கு ஆள் இருக்கு" என்பாள். இப்போது பத்து மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று தானாகவே அமைந்துவிட்டது. அண்ணனும் கேட்பதை விட்டுவிட்டார். யாரும் முடிவு என்று ஒன்றை அறிவிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் வூ வெய் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எது விரிசல், எது ஆற்றின் வளைவு என்று பிரித்தறியும் பார்வைக்குத்தான் பயிற்சி வேண்டும். 'சுவாங் சே' என்ற மற்றொரு தாவோ நூலில் ஒரு கசாப்புக்காரர் வருகிறார். பத்தொன்பது வருடம் அவர் கத்தியைத் தீட்டவே இல்லை. எலும்பை வெட்டாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியைச் செலுத்துவதே காரணம். சிக்கலான இடம் வந்தால் கையை மெதுவாக்கி உற்றுப் பார்ப்பார். நாற்பது வருடம் ஆபீஸிலும் வீட்டிலும் எலும்பையே வெட்டிக் களைத்துப் போன நண்பர்கள் இந்தக் கதையை அவசியம் படிக்க வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்கள் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று 81 நாள் படித்துப் பாருங்கள். புரியாததைத் தாண்டிப் போங்கள். அடுத்த சுற்றில் புரியும். என் பிரதியைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஓரங்களில் பென்சிலால் பாலமும் வாய்க்காலும் வரைந்திருப்பேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.