யாக்கோபின் கூலிக் கணக்கு

அண்ணனுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய யாக்கோபு, தாய்மாமன் லாபானிடம் 20 ஆண்டுகள் உழைத்தார். பகலில் வெயில், இரவில் குளிர். காணாமற்போன ஆட்டுக்கும் அவரே ஈடு கொடுத்தார். லாபானோ பத்து முறை கூலியை மாற்றினார்.

நுவரெலியா, ஹட்டன் மக்களுக்கு இது புதுக்கதையல்ல. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. பின்னர் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது. கிலோ குறைந்தவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. 2024 செப்டெம்பரில் கூலி 1,350 ரூபாயாயிற்று. எழுத்தில் ஏறும் கூலி தராசில் இறங்கிவிடலாம்.

யாக்கோபு உழைப்பிலும் குறை வைக்கவில்லை, கணக்கையும் மறக்கவில்லை. பிரியும்போது ஆண்டுகளை எண்ணி லாபானின் முகத்துக்கு நேரே சொன்னார். நிலமிழந்து கூலிக்குச் செல்லும் நாமும் அன்றன்றைய கிலோவைக் கொப்பியில் குறிப்போம்; சம்பளச் சீட்டோடு ஒப்பிடுவோம்; குறைந்தால் கூடிக் கேட்போம். நம் உழைப்பை இறைவன் அறிவார். கணக்கை நாமும் அறிந்திருக்க வேண்டும்.