அரைமண்டிக்கு வந்த பாலே

பாலே ஆடிப் பழகியவர் சல்சா ஆட வந்தால் முதல் வாரம் திண்டாடிப்போவார். பாலே உடம்பை மேலே இழுத்துப்பிடிக்கும். இடுப்பு அசையாமல் விரல்நுனியில் நிற்கச் சொல்லும். சல்சாவில் முட்டி மாறி மாறி மடங்கினால்தான் இடுப்பு தானாக அசையும். எட்டு எண்ணிக்கையில் நான்கிலும் எட்டிலும் அடி வைக்கக் கூடாது. போதாததற்கு, கைப்பிடித்து ஆடுபவரின் அடுத்த அசைவை அந்தக் கையிலேயே படித்துக்கொள்ள வேண்டும்.

இப்படியொரு தாவல் நம் ஊரிலும் நடந்தது. 1904-இல் மதுரையில் பிறந்து, பின்னாளில் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பரதத்துக்கு முன் கற்றது பாலே. ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டிதான் ஆசிரியை. உன் நாட்டு ஆட்டத்தைத் தேடு என்று தூண்டியவர் பாவ்லோவாவே. 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில், பரதத்தின் பழைய வடிவமான சதிரைப் பார்த்த ருக்மிணி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். அப்போது வயது முப்பத்தொன்று.

பழைய பயிற்சி வீண்போயிருக்காது. தொடையை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்பக்கம் திருப்புவது இரண்டு ஆட்டத்துக்கும் பொது. பாதத்தை மட்டும் திருப்பினால் முட்டிதான் அடி வாங்கும். ஆனால் பாலேயில் முட்டியை மடிப்பது பெரும்பாலும் எழும்பிக் குதிப்பதற்கு முந்திய ஒரு கணம்; பரதத்தில் முட்டியை மடித்துப் பாதி உட்கார்ந்தபடி நிற்கும் அரைமண்டியிலோ அங்கேயே குடியிருக்க வேண்டும், அதுவும் சலங்கைக் காலால் தரையைத் தட்டிக்கொண்டே. முன்தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது. பரதத்தின் ஆரம்பப் பாடமான தட்டடவு பழகும் பிள்ளைகளுக்குத் தொடை நடுங்குவது அதனால்தான்.

கலாக்ஷேத்திரா பாணியின் நேர்கோடுகளில் பாலேயின் சாயல் உண்டு என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களின் பெயர்கள் இந்தக் கதையில் பின்னுக்குப் போனதுதான் உறுத்துகிறது.

முட்டியும் இடுப்பும் பேசும் இந்த ஆட்டத்தைக் கல்லிலும் பார்க்கலாம். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள், அதாவது கையும் காலும் உடலும் சேர்ந்த ஆட்ட அலகுகள், சிதம்பரம் நடராசர் கோயில் கோபுர வாசல்களின் உட்சுவரில் சிற்பங்களாக இருக்கின்றன. கிழக்குக் கோபுரத்தில் சிற்பத்தோடு இலக்கணச் சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கரணங்களை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பத்மா சுப்ரமணியம், அந்தச் சிற்பங்கள் காட்டுவது அசையாத நிலைகள் அல்ல, ஓடும் அசைவின் ஒரு கணமே என்று சொல்லி ஆடியும் காட்டினார்.

கடலூர்க்காரர்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். சாமி பார்க்கும் அவசரத்தில் கடந்துபோகாமல் அந்த வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். முகத்தை விடுங்கள், முட்டியையும் இடுப்பையும் பாருங்கள்.